அம்மா ஓட்டும் எக்ஸ்எல், விடியுமுன் கடக்க வேண்டிய நான்கு வழிச்சாலை

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொடைரோட்டுக்குக் கிழக்கே, தேசிய நெடுஞ்சாலை 44-க்கு அந்தப் பக்கம் உங்கள் ஊர். அம்மாவுக்கு 48 வயது. சுய உதவிக் குழுக் கடனில் புது டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட் வாங்கியிருக்கிறார். விடியும் முன்பே மல்லிகை மொட்டைப் பறித்து, மூட்டை கட்டி, நான்கு வழிச்சாலையைக் கடந்து நிலக்கோட்டை பூச்சந்தைக்குப் போகிறார். திரும்பும்போது உர மூட்டையோ அரிசியோ ஏற்றி வருகிறார். பிளஸ் ஒன் படிக்கும் தங்கையும் வண்டியில் கண் வைத்திருக்கிறாள். "மெதுவாகத்தானே போகிறாள், என்ன ஆகிவிடப் போகிறது" என்கிறார் அப்பா. கோயம்புத்தூரில் இருக்கும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது, இல்லை வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வண்டி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த நாளிலிருந்து இந்த வகை வண்டிதான் நம் கிராமங்களில் பால்காரரையும் பூக்காரரையும் சந்தையோடு இணைத்து வைத்திருக்கிறது. ஆனால் அப்பா சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் இனி யாரும் சொல்லக் கூடாது. பட்டறைக்கு வரும் மொபெட்டுகளைப் பல காலமாகப் பார்த்து வருகிறேன். நசுங்கி வருபவற்றில் முன்பக்கம் அடிபட்டவற்றைவிடப் பின்பக்கமும் பக்கவாட்டும் அடிபட்டவைதான் என் கண்ணில் அதிகம் பட்டிருக்கின்றன. அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் பறந்துகொண்டு போனவர்கள் அல்லர். அவர்கள் மெதுவாகப் போனார்கள். வேகமாக வந்தவர் அவர்களைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தபோது நேரம் போதவில்லை.

கணக்கைப் பாருங்கள். அம்மா 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார், பின்னால் ஒரு பஸ் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி நொடிக்கு 11 மீட்டர் வீதம் குறைகிறது. 100 மீட்டர் பின்னால் இருந்த பஸ் ஒன்பது நொடியில் அவர் முதுகில் இருக்கும். இருட்டில், பின் விளக்கு மூட்டைக்குள் மறைந்திருந்தால், பஸ் ஓட்டுநர் அவரை 30 அல்லது 40 மீட்டரில்தான் பார்ப்பார். அவருக்கு மிஞ்சுவது மூன்று, நான்கு நொடி. எக்ஸ்எல்லின் வேகம் குறைவு என்பது ஊருக்குள் நல்லது. பெரிய சாலையில் அந்த வேகக் குறைவே ஆபத்தாகிறது. அதனால் அம்மா கற்க வேண்டியதில் முதன்மையானது, வேகமான வண்டிகள் ஓடும் இடத்தில் எவ்வளவு குறைந்த நேரம் இருப்பது, இருக்கும் நேரத்தில் எப்படித் தெளிவாகத் தெரிவது என்பது. மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு.

நான்கு வழிச்சாலையைக் கடப்பதிலிருந்து தொடங்குகிறேன். அவருடைய பயணத்தில் மிகக் குறுகிய பகுதி அதுதான்; எனக்கு மிக அதிகக் கவலை தருவதும் அதுதான்.

ஒரு பக்கச் சாலையின் அகலத்தை, ஓரத்தையும் சேர்த்து, 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து மூட்டையோடு கிளம்பும் எக்ஸ்எல் அதைக் கடந்து, பின் சக்கரமும் வெளியே வர, ஐந்து நொடி ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த ஐந்து நொடியில் ஏறக்குறைய 140 மீட்டர் வந்துவிடும். வண்டி நடுவில் இருமினாலும் தப்பிக்க வேண்டும் என்றால் இதைப் போல இரு மடங்கு இடைவெளி வேண்டும். 300 மீட்டருக்குள் எந்த வாகனமும் இல்லை என்றால்தான் கிளம்ப வேண்டும். அந்த 300 மீட்டர் எவ்வளவு என்று ஆள் யாருக்கும் கண்ணால் தெரியாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பகலில் அம்மாவை அந்த இடத்துக்கு அழைத்துப் போங்கள். சாலை ஓரத்தில் ஒரு பாலமோ, பெயர்ப் பலகையோ, புளியமரமோ 300 மீட்டரில் எது இருக்கிறது என்று பார்த்து, "அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் வண்டி தெரிந்தால் நிற்க வேண்டும்" என்று காட்டிக் கொடுங்கள். இரு திசைக்கும் ஓர் அடையாளம் வேண்டும். இருட்டில் மரம் தெரியாது. அதனால் இருட்டில் முகப்பு விளக்கு தெரிந்தாலே நிற்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் தெரிந்தாலும். இருட்டில் வரும் விளக்கின் வேகத்தைக் கணிக்க அனுபவசாலி ஓட்டுநராலும் முடியாது.

கடப்பதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் பாதியைக் கடந்து, நடுத்திட்டு இடைவெளியில் வண்டியை முழுதாக நிறுத்தி, காலை ஊன்றி, இடது பக்கம் பார்த்து, பிறகு அடுத்த பாதி. ஒரே மூச்சில் இரண்டு பக்கமும் காலியாக இருக்கும் தருணத்தைத் தேடுபவர்தான் பொறுமை இழந்து பாய்கிறார். ஒரு லாரி கடந்து போனதும் கிளம்பாமல், அதன் பின்னால் என்ன வருகிறது என்று தெரியும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். லாரியின் மறைவில் அடுத்த தடத்தில் ஒரு கார் வந்துகொண்டிருக்கும்.

பக்கத்தில் கீழ்ப்பாலம் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், அதன் வழியாகவே போகட்டும். "அதற்கு இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டுமே" என்பார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு எக்ஸ்எல் குடிக்கும் பெட்ரோல் மூன்று, நான்கு ரூபாய்க்கு மேல் வராது. நேரம் நான்கு நிமிடம். இந்த நான்கு நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் நம் ஊர்களில் ஆட்கள் நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் எதிர்த் திசையில் ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் என் வயிறு கலங்குகிறது. எதிர்த் திசையில் 40-இல் போகும் மொபெட்டும் நேர் எதிரே 80-இல் வரும் காரும் 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று நெருங்குகின்றன. கார் ஓட்டுநர் அந்த இடத்தில் எதிரே ஒரு வாகனத்தை எதிர்பார்ப்பதே இல்லை. ஓரமாகத்தானே வருகிறோம் என்பது பதிலாகாது. தூக்கம் சொக்கிய ஓட்டுநரும் பழுதான லாரியை விலகிப் போகிறவரும் அந்த ஓரத்துக்குத்தான் வருவார்கள். அம்மாவிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்குவதாக இருந்தால் இதற்கு வாங்குங்கள்: எவ்வளவு அவசரமானாலும், எவ்வளவு சிறிய தூரமானாலும், எதிர்த் திசையில் போவதில்லை.

அடுத்து, கண்ணுக்குத் தெரிவது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இரு சக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்போது முன் விளக்கு தானாகவே எரியும். முன்பக்கம் அந்த அளவுக்குப் பரவாயில்லை. பின்பக்கம்தான் பிரச்சினை. பூ மூட்டை எடை குறைவு, ஆனால் பருமன் அதிகம். பின் இருக்கையைக் கழற்றிவிட்டு மூட்டையைக் கட்டினால் அது பின் விளக்கு, பிரேக் விளக்கு, இரண்டு பக்க இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தொங்கும். பின்னால் வருபவருக்குத் தெரிவது சாம்பல் நிறச் சாக்கு ஒன்று. தார்ச்சாலையின் நிறமும் அதுதான். அம்மா பிரேக் பிடித்தாலும் திரும்பினாலும் அவருக்குத் தெரியாது.

இதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. மூட்டை கட்டி முடித்ததும் வண்டியைக் கிளப்பி, பத்து அடி பின்னால் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கு தெரிகிறதா? தெரியவில்லை என்றால் மூட்டையை மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். பஸ், லாரிகளின் பின்னால் ஒட்டியிருக்கும் சிவப்பு ஒளிரும் பட்டை வண்டி உதிரிபாகக் கடைகளில் அடி கணக்கில் கிடைக்கும். அதை ஒரு முழம் வாங்கி, கெட்டியான துணியில் தைத்து, எந்த மூட்டையாக இருந்தாலும் அதன் மேல் கட்டும்படி செய்துகொடுங்கள். சாக்கிலேயே ஒட்டினால் நிற்காது. சாக்கும் சந்தையில் மாறிப் போகும். சாலைப் பணியாளர்கள் போடும் பச்சை மஞ்சள் கலந்த ஒளிரும் மேல்சட்டை ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். புடவைக்கு மேல் அதைப் போட முதல் நாள் கூச்சமாக இருக்கும். நான்கு பெண்கள் சேர்ந்து போட்டால் அந்தக் கூச்சம் போய்விடும். குழுவில் சொல்லி எல்லோருக்கும் வாங்கச் சொல்லலாம்.

வெளிச்சம் வந்த பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது. பலர் இதை யோசிப்பதில்லை. உங்கள் ஊரிலிருந்து நிலக்கோட்டை மேற்கே. காலையில் சூரியன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவருக்குச் சாலை பளிச்சென்று தெரியும். எதிரே கிழக்கு நோக்கி வருபவருக்கோ சூரியன் கண்ணில் நேராக அடிக்கும். அம்மா அவருக்கு ஒரு நிழலாகக்கூடத் தெரியாமல் போகலாம். நமக்கு நன்றாகத் தெரிகிறது என்றால் அவருக்கும் தெரியும் என்று மனம் நம்பிவிடுகிறது. சூரியன் உதித்து முதல் ஒரு மணி நேரம், எதிரே ஒரு வண்டி இன்னொன்றை முந்த வருவதுபோல் இருந்தால், அவர் நம்மைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைத்து இடது பக்கம் ஒதுங்க வேண்டும்.

சுமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எக்ஸ்எல்லைச் சுமைக்காகத்தான் வாங்குகிறோம். வண்டியின் எடையே ஏறக்குறைய 85 கிலோதான். அதில் 60 கிலோ ஆளும் 45 கிலோ யூரியா மூட்டையும் ஏறினால், சுமை வண்டியின் எடையைத் தாண்டிவிடுகிறது. அப்போது அது காலையில் ஓட்டிய வண்டி இல்லை. நிற்க அதிகத் தூரம் எடுக்கும், வளைவில் வெளிப்பக்கம் இழுக்கும், முன் சக்கரம் இலேசாகி ஹேண்டில் ஆடும். இவற்றில் கடைசி ஆபத்து எடையைவிட, எடை வைத்த இடத்தால் வருவது. மூட்டை பின் சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் போகப் போக முன் சக்கரம் தூக்கும். கனமான மூட்டையை முன்னால், காலடித் தளத்தில், தாழ்வாக வைப்பதே நல்லது. ஆனால் அங்கே வைத்தால் இரண்டு கவனம் தேவை: ஹேண்டில் இரு பக்கமும் முழுதாகத் திரும்ப வேண்டும், கால் இரண்டும் வெளியே தொங்காமல் வைக்க இடம் இருக்க வேண்டும். காலை அகட்டித் தொங்கவிட்டு ஓட்டுபவர்கள், பக்கத்தில் ஒரு வண்டி உரசிப் போனாலே முழங்காலை உடைத்துக்கொள்கிறார்கள்.

பூ மூட்டைக்குப் பிரச்சினை வேறு. எடை இல்லை, பருமன் மட்டுமே. எதிரே பஸ்ஸோ லாரியோ வேகமாகப் போகும்போது முதலில் காற்று தள்ளும், உடனே உள்ளே இழுக்கும். பாய் விரித்ததுபோல் அகலமான மூட்டை அந்தக் காற்றை முழுக்க வாங்கும். மூட்டை ஹேண்டிலின் அகலத்தைத் தாண்டக் கூடாது, அதுவே அளவு. பெரிய வண்டி எதிரே வருவது தெரிந்ததும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறைத்து, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் உறுதியாகப் பிடிக்க வேண்டும். கண்ணாடியில் மூட்டை மட்டும் தெரிந்தால் அந்தக் கண்ணாடி இருந்தும் பயனில்லை. கடையில் நீளத் தண்டு உள்ள கண்ணாடி கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம்.

கயிறு. இதில் உயிர் போன சம்பவங்கள் உண்டு. பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டுவது நம் வழக்கம். பிடிப்பு நன்றாகத்தான் இருக்கும். கட்டிய பிறகு தொங்கும் நுனிதான் ஆபத்து. அது சங்கிலியிலோ பின் சக்கரக் கம்பிகளிலோ சுற்றினால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும். ஆள் நிற்க மாட்டார். மிச்ச நுனி முழுவதையும் உள்ளே செருக வேண்டும். புடவை முந்தானைக்கும் தங்கையின் துப்பட்டாவுக்கும் இதே விதி. முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி, மேலே அந்த ஒளிரும் சட்டையைப் போட்டுவிட்டால் பறக்காது. சக்கரத்தின் பக்கத்தில் புடவைக் காப்புத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். சுமை ஏற்ற இடைஞ்சல் என்று சிலர் அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கழற்றக் கூடாது.

பிரேக்குக்கு வருவோம். "முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கி அடிக்கும்" என்று நம் ஊரில் யார் யாருக்கோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சு பலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது. பிரேக் பிடித்த நொடியில் வண்டியின் எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் இலேசாகிறது. அதனால் பின் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி நிற்காது. இரண்டையும் சேர்த்து, முதலில் மெதுவாக, பிறகு அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் சிறிய இரு சக்கர வண்டிகளில் இணைப்பு பிரேக் கட்டாயம் என்பதால், அம்மாவின் புது வண்டியில் பின் பிரேக்கைப் பிடித்தாலே முன் சக்கரத்திலும் கொஞ்சம் பிடிக்கும். அது உதவிதான், அவசரத்தில் வலது கை லீவரையும் சேர்த்துப் பிடித்தால்தான் முழுப் பலனும் கிடைக்கும். முன் பிரேக்கைத் தவிர்க்க வேண்டிய இடங்கள் உண்டு: மணல், சரளை, ஈரக் களிமண், வண்டி சாய்ந்திருக்கும் வளைவு. வேகத்தை அவற்றுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும்.

எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதும் மனத்தில் பதிய வேண்டும். உலர்ந்த நல்ல சாலையில், திடீரென ஒன்றைப் பார்த்து, மூளை உணர்ந்து கை பிரேக்கைத் தொட ஒரு நொடி என்று கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க சுமார் 24 மீட்டர் வேண்டும். 50-இல் 33 மீட்டர், 60-இல் 45 மீட்டர். வேகம் பாதிதான் கூடுகிறது, நிற்கும் தூரம் கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. சுமையும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் கூடும். எக்ஸ்எல்லின் முன் விளக்கில் இருட்டில் ஒரு நாயையோ, சாலையில் காயப்போட்ட தானியத்தின் ஓரத்தில் வைத்த கல்லையோ 25, 30 மீட்டருக்கு முன் பார்த்துவிட முடிந்தால் பெரிய காரியம். இருட்டில் 35-ஐத் தாண்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதைச் சொல்லிக் கொடுத்தால் போதாது, பழக்க வேண்டும். பள்ளி மைதானத்திலோ காலி நிலத்திலோ ஒரு கல்லை வைத்து, 30-இல் வந்து அந்த இடத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் வெறும் வண்டி, பிறகு மூட்டையோடு. கை தானாகவே இரண்டு லீவருக்கும் போகும் வரை செய்ய வேண்டும். ஆபத்து வரும் நொடியில் யாரும் யோசிப்பதில்லை, கை பழகியதைச் செய்யும்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டு உருட்டும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். விளக்கும் போகும், சாவியை முழுதாகத் திருப்பினால் ஹேண்டில் பூட்டும் அபாயமும் உண்டு.

சாலையில் எங்கே ஓட்டுவது என்று கேட்டால், ஒரேயடியாக விளிம்பில் வேண்டாம் என்பேன். தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே பல இடங்களில் அரை அடிப் பள்ளம் இருக்கிறது. பின்னால் ஹாரன் அடித்ததும் பதறி மண்ணில் இறங்குவதும், உடனே ஹேண்டிலை ஒடித்துத் தாரில் ஏற முயல்வதும்தான் மொபெட்டைக் கவிழ்க்கிறது. 16 அங்குலச் சக்கரம் பள்ளங்களைத் தாண்ட நல்லதுதான், ஆனால் அதன் டயர் ஒல்லி. அந்த விளிம்பில் உரசிக்கொண்டு ஏறாது, வழுக்கிவிடும். விளிம்பிலிருந்து இரண்டு, மூன்று அடி உள்ளே, நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். தவறி இறங்கிவிட்டால் மண்ணிலேயே வேகத்தைக் குறைத்து, நின்று, பின்னால் பார்த்து, சாய்வாக இல்லாமல் நேராக ஏற வேண்டும். ரயில் தண்டவாளம் கடக்கும்போதும் அப்படித்தான்: குறுக்காக, நேராக. மழையில் தண்டவாளமும், சாலையில் போட்ட வெள்ளைப் பட்டையும், பாதாளச் சாக்கடை மூடியும் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். கோடை மழையின் முதல் அரை மணி நேரம் சாலையில் கிடக்கும் எண்ணெயும் புழுதியும் குழைந்திருக்கும். அந்த நேரம் ஒரு டீக்கடையில் ஒதுங்கிவிடலாம். தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு டிரம் பிரேக் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி இலேசாகப் பிரேக்கைப் பிடித்து உலர்த்திய பிறகே வேகமெடுக்க வேண்டும்.

பெரிய வண்டிகளிடம் ஒரே பாடம். லாரி ஓட்டுநரின் முகம் அவருடைய பக்கக் கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லை என்றால் நாமும் அவருக்குத் தெரியவில்லை. இடது பக்கம் திரும்பப் போகும் லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே நுழையவே கூடாது. முன் சக்கரம் விலகிப் போனாலும் பின் சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸைக் கடக்கும்போது அதன் முன்னாலிருந்து ஒருவர் குறுக்கே வருவார் என்றே நினைத்துக்கொண்டு போக வேண்டும். விடியற்காலையில் பின் விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லர் வரும். அதற்காகத்தான் மறுபடியும் அந்த 35.

ஹெல்மெட்டைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் சட்டப்படி கட்டாயம். ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் மேல் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பெண்களுக்கு ஹெல்மெட் ஏன் உட்காருவதில்லை என்பதை யாரும் பேசுவதில்லை. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் இறங்காமல் கொண்டையின் மேல் நிற்கும்; பட்டையை இறுக்கினாலும் பின்பக்கமாகக் கழன்றுவிடும். அந்த நேரத்துக்குப் பின்னலைக் கழுத்தருகே தாழ்த்திப் போட்டுக்கொள்ள வேண்டும். தலையில் வைத்த பூ நசுங்கும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. பூவைச் சந்தையிலிருந்து திரும்பி வந்து வைத்துக்கொள்ளட்டும். உங்கள் அளவில் வாங்கி அனுப்பாதீர்கள். அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போய், பட்டையை மாட்டி, தலையை ஆட்டிப் பார்த்து, ஹெல்மெட் தலையோடு சேர்ந்து ஆடுவதை வாங்குங்கள். முகக் கண்ணாடி கீறல் விழுந்தால் மாற்றிக் கொடுங்கள். எதிரே வரும் விளக்கு அந்தக் கீறல்களில் சிதறினால் சாலையே தெரியாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். அதை மறுபடி போடக் கூடாது.

அக்கம்பக்கத்துக் குழந்தைகளை முன்னால் நிற்க வைத்து ஓட்டுவதும் உங்கள் தெருவில் இருக்கும். வண்டி நின்றதும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை இறங்கப் பிடிமானத்துக்காக ஹேண்டிலைப் பிடிக்கும். கை விழும் இடம் ஆக்சிலேட்டர். கியரோ கிளட்ச் லீவரோ இல்லாத வண்டி, முறுக்கிய உடனே பாயும். குழந்தை ஏறும் முன்னும் இறங்கும் முன்னும் என்ஜின் அணைந்திருக்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைக்குப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதியும் வந்துவிட்டது. நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

போன். பூ வியாபாரத்தில் காலை விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும், தரகர் கூப்பிடுவார், அம்மா எடுக்காமல் இருக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அதற்கு வழி, கிளம்பும் முன் பேசிவிட்டு, வழியில் நிழலான ஒரே ஓர் இடத்தில் நின்று மறுபடி பேசுவது. தரகரிடமும் அதைச் சொல்லி வைக்கலாம். ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு நான்கு வழிச்சாலையைக் கடப்பவரின் காதில் வரும் வண்டியின் சத்தம் விழாது.

பராமரிப்பில் மூன்று போதும்: டயர் காற்றை வாரம் ஒருமுறை வண்டியோடு தந்த கையேட்டில் உள்ள அளவுக்கு வைப்பது, பிரேக் லீவர் ஹேண்டிலைத் தொடும் அளவுக்கு வரும் முன்பே பட்டறைக்குப் போவது, சங்கிலித் தொய்வைப் பார்ப்பது. ஓட்டும்போது டயர் பஞ்சரானால் அந்தச் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்சிலேட்டரை மெல்ல விட்டு, ஹேண்டிலை நேராக வைத்து ஓரம் கட்ட வேண்டும்.

லைசென்ஸ் விஷயத்தில் உங்கள் கடிதத்தில் ஒரு மௌனம் இருக்கிறது. "மொபெட்டுக்கு எதற்கு லைசென்ஸ்" என்ற எண்ணம் கிராமத்தில் பரவலாக இருப்பதால் கேட்கிறேன்: அம்மாவிடம் இருக்கிறதா? எக்ஸ்எல் 100-இன் என்ஜின் 99.7 சிசி. 16 வயதில் ஓட்ட அனுமதி 50 சிசிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே. அதனால் தங்கைக்கு 18 நிரம்பும் வரை சாவியைத் தரவே கூடாது. சிறார் ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. அம்மா கியர் இல்லாத இரு சக்கர வாகனத்துக்கு எல்எல்ஆர் என்ற பழகுநர் உரிமம் எடுத்து, 30 நாளுக்குப் பிறகு ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிடலாம். காவலர் பிடிப்பார் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உரிமையாளரே ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, செல்லும் லைசென்ஸ் இல்லாதவருக்குக் கிடைக்காது. குழுக் கடன் இன்னும் பாக்கி இருக்கும் வீட்டில் இது பெரிய இழப்பு. பாலிசித் தாளில் அந்தக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அப்பாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஒன்று தெரிந்திருக்கட்டும். சாலையில் யார் அடிபட்டுக் கிடந்தாலும் முதலில் 108. மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாத வரை ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றக் கூடாது, கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, நிர்ணயித்த வரம்புக்குள், அரசே ஏற்கிறது. பணம் இல்லை என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. உதவி செய்தவரைச் சாட்சி சொல்லும்படி காவல்துறை கட்டாயப்படுத்தவும் சட்டம் இடம் தரவில்லை.

கடைசியாக, வண்டியை எடுக்கக் கூடாத நாள்கள். மார்கழி, தை மாதங்களில் உங்கள் பக்கத்துச் சாலைகளில் விடியற்காலைப் பனிமூட்டம் இறங்கும். பத்து அடி முன்னால் தெரியாத அந்தக் காலையில் எந்த ஒளிரும் பட்டையும் உதவாது. நல்ல வேளையாக மல்லிகை விளைச்சல் மிகக் குறையும் காலமும் அதுதான்; விலை ஏறியிருக்கும், மூட்டை சிறுத்திருக்கும். நான்கைந்து கிலோ பூவுக்கு எக்ஸ்எல் தேவையில்லை. ஈரத்துணி சுற்றிப் பையில் வைத்து, பனி விலகியதும் வரும் அரசு டவுன் பஸ்ஸில் ஏறினால், பெண்களுக்கு 2021 முதல் கட்டணமும் கிடையாது. சந்தைக்குக் கொஞ்சம் தாமதமாகும், அந்த நாள்களில் எல்லாப் பூவும் தாமதமாகத்தான் வரும். பக்கத்துத் தோட்டக்காரர்களின் பூவையும் சேர்த்து ஒரு மினி வேனில் அனுப்ப முடியுமா என்று குழுவில் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகையைப் பங்கு போட்டால் மழை நாள்களுக்கும் அது உதவும்.